மிதிவண்டிச் சுவரும் தெருப் பெயரும்: ஜார்ஜ் டவுனில் ஒரு மாணவர் குழு நடந்த கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் இலவச வகுப்பு நடக்கிறது. அதில் நான் வரலாறு சொல்லித்தருகிறேன். 2023ஆம் ஆண்டு என் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் 13, 14 வயது. கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவு. படகில் ஏறினால் ஜார்ஜ் டவுன் வந்துவிடும். பலர் குடும்பத்தோடு துணி எடுக்கவும் கோயிலுக்கும் அடிக்கடி போய்வருபவர்கள். ஆனால் "அந்த ஊர் எப்படி உண்டானது?" என்று கேட்டால் "பிரான்சிஸ் லைட்" என்ற ஒரு பெயரோடு பதில் முடிந்துவிடும். 1786இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைக் கைக்கொண்டார் என்பது பாடநூலில் இருக்கிறது. அதற்கப்புறம் அவர்கள் மனத்தில் நேராக இன்றைய லிட்டில் இந்தியாதான்.

மெலாகாவும் ஜார்ஜ் டவுனும் 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பிறகு இரண்டு வகைத் தெருக்கலை அங்கே வந்தது. முதலாவது, இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள். 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற குழு செய்தவை இவை. மொத்தம் 52. ஒவ்வொன்றும் தான் மாட்டப்பட்டிருக்கும் தெருவின் கதையை இரண்டு மூன்று வரியில் சொல்லும். இரண்டாவது, 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் வரைந்த சுவரோவியங்கள். ஆர்மீனியன் தெருவில் நிஜ மிதிவண்டியைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டு போவதுபோல வரைந்த படம் உலகெங்கும் பரவியது. பினாங்கு என்றதும் இன்று பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுவர்தான்.

வகுப்பில் ஒரு மாணவி, "சார், அந்தப் படங்களைப் பார்த்தே ஊர்க் கதையைப் படிச்சுடலாமே" என்றாள். நல்ல யோசனையாகப் பட்டது. செலவு படகுக்கட்டணம் மட்டும்தான். இரண்டு பெற்றோர் துணைக்கு வர ஒப்புக்கொண்டார்கள்.

முதல் நடை

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஒன்பது இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். எல்லாமே பெயர்பெற்ற ஓவியங்கள். திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் நான் ஐந்து நிமிடம் பேசுவேன், பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆர்மீனியன் தெருவுக்கு நாங்கள் போனபோது மிதிவண்டிச் சுவருக்கு முன்னால் வரிசை நின்றது. பிள்ளைகளும் நின்றார்கள். பதினான்கு பேரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் படம் எடுத்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியதால் அங்கே நான் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கும் பையனின் படம். அங்கேயும் அதே கதைதான். மந்திரி தெருவில் இரண்டு சன்னல் மறைப்புகளில் கை ஊன்றித் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமியைப் பார்க்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒன்பது இடத்தில் ஆறைத்தான் பார்த்தோம். பன்னிரண்டரை மணிக்கு நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. பெற்றோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம் வகுப்பில் எல்லாரையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன்.

என்ன தெரியவந்தது

பதினான்கு தாள்களையும் அன்று இரவே படித்தேன். மூன்று விஷயங்கள் என்னை நிறுத்தின.

ஒன்பது பேர் அந்தச் சுவரோவியங்கள் பிரிட்டிஷ் காலத்தவை, அல்லது "மிகப் பழமையானவை" என்று எழுதியிருந்தார்கள். குறை அவர்களுடையது இல்லை. சுவர் பழையது, காரை உதிர்ந்திருக்கிறது, படத்தின் நிறமும் மங்கியிருக்கிறது. மிதிவண்டியும் பழைய மாதிரி. இதையெல்லாம் பார்க்கும் பிள்ளை படமும் பழசு என்றுதானே நினைக்கும்? 2012இல் வரைந்தது என்று நான் அங்கே சொல்லவே இல்லை. மறுவாரம் ஒரு பையனிடம், "அந்த ஓவியத்தைவிட நீ மூன்று வயது மூத்தவன்" என்றேன். அவன் நம்பாமல் மறுபடி கேட்டான்.

அடுத்தது, ஒரு தாளில்கூடத் தெருவின் பெயர் இல்லை. "மிதிவண்டி இருக்கும் தெரு", "நீலப் பிள்ளை இருக்கும் தெரு" என்றே எழுதியிருந்தார்கள். ஓவியம் தெருவின் பெயரை விழுங்கிவிட்டது. ஒரு நகரத்தின் வரலாற்றைத் தேடிப் போனவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்று நான் நினைக்கிறேன். ஜார்ஜ் டவுனில் தெருப் பெயர்களே ஆவணம்.

மூன்றாவது ஒரு மாணவி எழுதிய ஒற்றை வரி: "படத்தில் நிறைய பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஆனால் தெருவில் ஒரு பிள்ளையும் இல்லை." அதை அவள் வருத்தமாகவோ கேள்வியாகவோ எழுதவில்லை. கண்டதை எழுதியிருந்தாள். எனக்கு இந்த வரி பல நாள் மனத்தில் கிடந்தது. பதினைந்து வருடங்களாக அந்தத் தெருக்களில் நடக்கிறேன், எனக்கு அது தோன்றியதில்லை.

எடுத்த முடிவு, அதன் காரணம்

மறுபடி போவது என்று முடிவு செய்தேன். வகுப்பிலேயே பாடமாகச் சொல்லிவிடலாம் என்று துணைக்கு வந்த ஒரு பெற்றோர் சொன்னார். அதில் நியாயம் இருந்தது, நேரமும் மிச்சமாகும். ஆனால் தவறாகப் பதிந்தது அந்தத் தெருவில்தான். திருத்தமும் அங்கேயேதான் நடக்க வேண்டும் என்று பட்டது.

ஓவியத்தை விடையாக வைக்காமல் கேள்வியாக வைப்பது என்று திட்டத்தை மாற்றினேன். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகள். இதை யார், எப்போது, எதற்காக இங்கே வைத்தார்கள்? இந்தத் தெருவின் பெயர் யாருடையது, எந்த மொழியினர் எப்படிச் சொல்கிறார்கள்? இந்தப் படத்தில் இருக்க வேண்டியவர்களில் யார் இல்லை? மூன்றுக்கும் நின்ற இடத்திலேயே எழுதிய பிறகுதான் கைபேசி வெளியே வரும். புகழ்பெற்ற ஓவியங்களை நடையின் கடைசிக்குத் தள்ளினேன். இரும்புச் சித்திரங்களை முன்னால் கொண்டுவந்தேன். அவற்றில் எழுத்து இருப்பதால் பிள்ளைகள் வாதம் செய்ய ஏதாவது கிடைக்கும்.

நேரத்தையும் காலை எட்டு மணிக்கு மாற்றினோம். அந்நேரம் கடைகள் திறந்திருக்காது, சுற்றுலாக் கூட்டமும் வராது. அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள்.

இரண்டாம் நடை

ஜூன் மாதம் போனோம். இந்த முறை வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

படகுத்துறையிலிருந்து சூலியா தெருப் பக்கம் நடந்தோம். "சூலியா என்றால் யார்?" என்று தொடங்கினேன். யாருக்கும் தெரியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்காகக் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அப்போது வழங்கிய பெயர் அது. லைட் காலத்திலேயே வந்து தங்கியவர்கள். அவர்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டிய சிறிய தர்கா சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளில் இருவரின் பாட்டிமார் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள். அந்த இருவரும் முகப்பை நெடுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே சுவரில் ஓவியம் எதுவும் இல்லை. யாரும் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

குயீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலைத் தாண்டி, முன்பு பிட் தெரு என்று வழங்கிய சாலைக்கு வந்தோம். இன்று அதன் பெயர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. ஒரு பையன் பலகையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "சார், இந்தக் 'கெலிங்'ங்கிற சொல்லை நம்மைத் திட்டத்தானே சொல்வாங்க?" என்றான். இதற்கு நான் தயாராகப் போகவில்லை. ஆனாலும் அங்கேயே நின்று பேசினோம். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்த எல்லாருக்கும் சாதாரணப் பெயர். 1801இல் நிறுவிய பள்ளிவாசலுக்குச் சமூகத் தலைவரின் பட்டப்பெயர் வந்தபோது அதில் இழிவு இல்லை. பின்னால் அந்தச் சொல் புண்படுத்தும் சொல்லாக மாறிவிட்டது, இன்று யாரையும் அப்படி அழைப்பது தவறு. பலகையில் இருப்பது பழைய காலத்தின் பதிவு. அவன் அதைக் குறித்துக்கொண்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த நடையில் எனக்கு மிக முக்கியமான பத்து நிமிடம் அதுதான்.

பக்கத்திலேயே கம்போங் கோலம் என்ற தெரு. "கோலம் போடுற கோலமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மலாயில் கோலம் என்றால் குளம். நம் குளம்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. பள்ளிவாசலின் குளத்தை ஒட்டி வந்த பெயர். கடை, கெடை ஆனது. கப்பல், காப்பால் ஆனது. அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்கள். அவர்களை நிறுத்துவது கடினமாகிவிட்டது.

கேனன் தெருவில் இரும்புச் சித்திரம் 1867 கலவரத்தைச் சொல்கிறது. அப்போது வெடித்த பீரங்கிக் குண்டு போட்ட ஓட்டையால் அந்தப் பெயர் வந்தது என்கிறது. அந்தக் கலவரம் சீன இரகசியச் சங்கங்கள் இரண்டுக்கு நடுவில் மூண்டது. சுமார் பத்து நாள் நீடித்தது. மலாய், இந்திய முஸ்லிம்கள் இருந்த வெள்ளைக்கொடிச் சங்கமும் செங்கொடிச் சங்கமும் ஆளுக்கொரு பக்கம் துணை நின்றன. "அப்போ நம்ம ஆளுங்களும் சண்டையில இருந்தாங்களா?" என்று கேட்டார்கள். இருந்தார்கள். இன வாரியாகப் பிரிந்து நின்ற சண்டை இல்லை அது. சித்திரத்தில் பீரங்கி இருக்கிறது. இந்தக் கூட்டணி இல்லை. மூன்றாவது கேள்வி எதற்கு என்று அங்கேதான் அவர்களுக்குப் பிடிபட்டது.

லாரட் ஈயம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நானே திட்டமிடாமல் கிடைத்தது இது.

மோட்டார் சைக்கிள் பையன் இருப்பது ஆ குவீ தெருவில். நீலச் சிறுமி இருப்பது மந்திரி தெருவில். முதல் நடையில் இரண்டும் வெறும் படம் எடுக்கும் இடங்கள். இரண்டாம் நடையில் இரண்டாம் கேள்விக்கு விடை தேடினோம். ஆ குவீ என்பது கப்பித்தான் சுங் கெங் குவீயின் பெயர். பேராக் மாநிலத்தில் லாரட் ஈயச் சுரங்கங்களில் பெரும் செல்வம் சேர்த்தவர், ஹாய் சான் என்ற சீன இரகசியச் சங்கத்தின் தலைவர். மந்திரி தெருவின் மந்திரி, லாரட்டை ஆண்ட ஙா இப்ராஹிம். சுரங்கத்துக்காக நடந்த லாரட் சண்டைகளில் இருவருமே முக்கியமானவர்கள். அந்தச் சண்டைகள் 1874 பங்கோர் உடன்படிக்கையில் முடிந்தன. அதன் வழியாகத்தான் பிரிட்டிஷ் ஆட்சி பேராக்குக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் அதிகாரி பர்ச் கொலையான பிறகு மந்திரி சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அதாவது, ஊரிலேயே அதிகம் பேர் படம் எடுக்கும் சுவர்களில் இரண்டு, ஒரே ஈயக் கதையின் இரண்டு மனிதர்கள் பெயரில் இருக்கும் தெருக்களில் இருக்கின்றன. ஓவியர் அதற்காக வரைந்தார் என்று சொல்லவில்லை. அன்றாட வாழ்க்கையின் துள்ளலைக் காட்டத்தான் வரைந்தார், அதை அழகாகவே செய்திருக்கிறார். ஆனால் ஈயத்தில் வந்த பணம் இந்தத் தெருவீடுகளாக நிற்கிறது. நீலச் சிறுமி கை ஊன்றியிருக்கும் சன்னலுக்குப் பின்னால் அந்தக் காலம் இருக்கிறது. ஒரு மாணவன் தன் தாளில் இரண்டு தெருக்களையும் ஒரு கோட்டால் இணைத்து, நடுவில் தைப்பிங் என்று எழுதினான். லாரட் சுரங்க ஊர்தான் பின்னால் அந்தப் பெயரைப் பெற்றது என்று அவனே வீட்டில் படித்து வைத்திருந்தான்.

மந்திரி தெருவிலேயே இன்னோர் இரும்புச் சித்திரம், சமையலிலிருந்து பிள்ளை வளர்ப்பு வரை எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்த சீன வீட்டு வேலைப் பெண்களைப் பற்றியது. "எங்க அம்மா மாதிரி" என்றாள் ஒரு மாணவி. அங்கே கொஞ்ச நேரம் அமைதியாக நின்றோம்.

தெருவில் பிள்ளைகள் இல்லாதது

மார்ச்சில் அந்த மாணவி எழுதிய வரியை இந்த முறை வழியில் சந்தித்த ஒரு பாட்டியிடம் கேட்டோம். ஆர்மீனியன் தெருவுக்குப் பக்கத்துக் குறுக்குத் தெருவில், தன் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். சீனப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர். மலாயில் பேசினார். அந்த ஒரு வீட்டில் முன்பு ஏழு குடும்பங்கள் இருந்ததாம். மாலையானால் தெருவில் நடக்க முடியாது, அவ்வளவு பிள்ளைகள் என்றார்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றி அங்கே நின்றபடி சொன்னேன். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாத சட்டம் பல பத்தாண்டுகள் இருந்தது. வாடகை குறைவு. அதனால் சம்பளம் குறைந்தவர்களும் நகர நடுவில் குடியிருக்க முடிந்தது. வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் இடித்துக் கட்டவில்லை, பழுதும் பார்க்கவில்லை. இன்று பாரம்பரியம் என்று கொண்டாடும் வரிசை வீடுகள் தப்பியதற்கு அது ஒரு காரணம். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000 தொடக்கத்திலிருந்து வாடகை சந்தை விலைக்குப் போனது. குடும்பங்கள் வெளியேறின. பன்னிரண்டு வருடம் கழித்து, பிள்ளைகள் போய்விட்ட தெருச் சுவரில் பிள்ளைகளின் படம் வந்தது.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் படங்கள் தனக்குப் பிடிக்கும் என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலைச் சாத்திவிடுவாராம். கூட்டம் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

நடந்த தவறு

இதே இடத்தில் என் கவனக்குறைவால் ஒரு தவறு நடந்தது. பாட்டி பேசும்போது ஒரு மாணவன் கைபேசியில் பதிவு செய்தான். திறந்திருந்த கதவு வழியாக வீட்டு உள்ளறையும் சாமி மேடையும் அதில் விழுந்தன. அன்று மாலையே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அங்கிருந்து உறவினர் குழு ஒன்றுக்கும் போனது. எழுதி முடிக்கும் வரை கைபேசி வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஆளைப் பதிவு செய்யுமுன் அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது தானாகத் தெரிந்திருக்கும் என்று எண்ணியது என் பிழை.

மறுநாள் எல்லா இடத்திலும் அழிக்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அந்த மாணவனும் அவன் அம்மாவும் நானும் படகேறிப் போய்ப் பாட்டியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு மனம் வருந்தியது முகத்தில் தெரிந்தது. "கேட்டிருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருப்பேன்" என்றார். பையன் தலை குனிந்து நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குறிப்பில் அவர் சொன்னதைச் சேர்க்கலாமா என்று அப்போதுதான் முறையாகக் கேட்டோம். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

இன்னொரு சிக்கலும் வந்தது. லவ் லேன் இரும்புச் சித்திரம், மந்திரி தெருப் பணக்காரர்கள் ஆசைநாயகிகளை அங்கே வைத்திருந்ததால் வந்த பெயர் என்கிறது. பிள்ளைகள் அதை வீட்டில் போய் அப்படியே சொல்ல, ஒரு தந்தை தொலைபேசியில் வருத்தப்பட்டார். அவர் கேட்டது நியாயம்தான், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதைவிட என்னை உறுத்தியது வேறு. ஹொக்கியன் என்ற சீன மொழியில் அந்தத் தெருவுக்கு யுரேசியர் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர்) சந்து என்று பெயர். அங்கே வாழ்ந்த கத்தோலிக்க யுரேசியக் குடும்பங்கள் இந்த நகரத்தின் முதல் குடியேறிகளில் சேர்ந்தவர்கள். சுவையான ஒரு கதையை மட்டும் சொல்லிவிட்டு ஒரு சமூகத்தையே விட்டுவிட்டோம். சித்திரம் விட்டதை நானும் விட்டேன்.

பின்னர் நடந்தது

ஜூலையில் பிள்ளைகள் ஒரு வரைபடம் செய்தார்கள். பெரிய அட்டையில், கையால் வரைந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று வரி: சித்திரம் சொல்வது, தெருப் பெயர் சொல்வது, அங்கே இருந்தவர் சொன்னது. மூன்றாம் வரி பல இடங்களில் காலியாக இருந்தது. காலியாகவே விடச் சொன்னேன்.

கூடத்தில் அதை மாட்டிப் பெற்றோரை அழைத்தோம். ஒரு மாணவியின் தாத்தா வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. இளமையில் தொங்கான் என்ற சரக்குப் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர். வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடல் எங்கேம்மா? கடலே இல்லாம என்ன ஊர் இது?" என்று பேத்தியிடம் கேட்டார். உண்மை. நாங்கள் தெருக்களை மட்டுமே வரைந்திருந்தோம்.

அவர் ஒரு பென்சில் வாங்கி பீச் தெருவைத் தொட்டுக் காட்டினார். அதுதான் பழைய கரை. 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்துத்தான் வெல்ட் கீ சாலை உண்டானது. அதனால்தான் பீச் தெருவில் இன்று கடற்கரை இல்லை. தெருக்கள் புது நிலத்தில் நீண்டு கடலைத் தொட்ட துண்டுகளுக்குத்தான் காட் என்று பெயர். படித்துறையைக் குறிக்க வட இந்தியர்கள் சொல்லும் அதே சொல். பினாங்குத் தெரு அவருக்குக் கிட்டங்கித் தெரு. மார்க்கெட் தெரு, கடைத்தெரு. பலகையில் எங்கும் இல்லாத பெயர்கள் இவை. 1969இல் தீவின் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதி போனது. பெரிய கப்பல்கள் பட்டர்வொர்த் பக்கத்தில் நேராக அணையத் தொடங்கின. அவருடைய வேலையும் போனது. அதன் பிறகு குடும்பம் இந்தக் கரைக்கு வந்தது. பேத்திக்கு இதில் பாதி அன்றுதான் தெரியும்.

சூலியா தெருவின் 'காட்' பகுதியில் ஒரு சுவரில் தொங்கான் தொழிலாளியை வரைய வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாரம்பரிய வட்டாரத்தில் சுவரில் வரைய உரிமையாளர் சம்மதமும் நகராண்மை அனுமதியும் தேவை. இன்னொரு காரணமும் சொன்னேன். அந்தப் பழைய செங்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சுக்காகக் கட்டியவை. சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் போன்ற நவீனப் பூச்சை அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று காரை உப்பி உதிரும். வரலாற்றைச் சொல்லப் போய்ச் சுவரைக் கெடுக்கக் கூடாது. ஒட்டுப்பலகையில் வரைந்து கூடத்தின் முன்பக்கம் வைத்தார்கள். முகம் தாத்தாவின் சாயலில் வந்திருக்கிறது.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று எழுத முடியாது. நான்கு பேருக்கு இரண்டாம் நடை சலிப்பாக இருந்தது. ஒருவன் முதல் நடைதான் நன்றாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னான். வருட முடிவில் மறுபடி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது பன்னிரண்டில் பத்துப் பேர் தெருப் பெயர்களோடு எழுதினார்கள். பன்னிரண்டு பேருமே ஓவியங்களின் ஆண்டைச் சரியாக எழுதினார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

அடுத்த குழுவோடு கடலில் தொடங்குவோம். படகு தீவை நெருங்கும்போதே பழைய கரை எங்கே இருந்தது என்று காட்டிவிட வேண்டும். நிறுத்தங்கள் ஐந்துக்கு மேல் கூடாது. ஒன்பது என்று வைத்தது என் பேராசை.

ஆளைச் சந்திக்குமுன் அனுமதி, பதிவு, படம் ஆகியவற்றுக்கான விதிகளை வகுப்பிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கப்போகிறோம். லவ் லேன் போன்ற இடங்களில் என்ன பேசுவோம் என்பது பெற்றோருக்கு ஒரு வாரம் முன்பே போகும். ஓர் இரும்புச் சித்திரம் ஒரு கதையைச் சொன்னால், அதே தெருவைப் பற்றி வேறு ஒரு கதையாவது கையில் இல்லாமல் அந்த இடத்தில் நிற்கப்போவதில்லை. ஹொக்கியன் தெரிந்த ஒருவர் எங்களோடு வர வேண்டும். ஆர்மீனியன் தெருவை அந்த மொழியில் செம்பு அடிப்பவர்களின் தெரு என்பார்கள். இப்படிப்பட்ட பெயர்கள் எத்தனை எங்கள் காதில் விழாமல் போயின என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

மிதிவண்டிச் சுவரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் முதலில் கிளம்பினார்கள், அந்த ஆசை நல்லது. கடைசி நிறுத்தமாக அது இருக்கும். வரிசை இல்லாத நேரத்தில் போவோம்.

தாத்தா சொன்ன பெயர்களை அன்று நாங்கள் எழுதிக்கொண்டோமே தவிர, அவர் குரலில் பதிவு செய்யவில்லை. கேட்டோம். அடுத்த நடைக்கு அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மணி அவருக்குத் தாமதமாம். வெயில் ஏறுமுன் ஏழு மணிப் படகில் போய்விட வேண்டும் என்கிறார்.